ஹிலரிதாஸ்: சிரிப்பா, முகமலர்ச்சியா, இல்ல வேற ஏதாவதா?

வெயில்காயும்பூனை
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன வாசிப்பு குரூப்ல ஸ்பினோசாங்கற தத்துவஞானியோட எதிக்ஸ் புஸ்தகம் படிச்சிட்டு இருக்கோம், இங்கிலீஷ் வழியாதான். நாலாம் பாகம் 42வது கூற்றுல வண்டி நின்னுபோச்சு. என்கிட்ட இருக்கற பழைய மொழிபெயர்ப்புல 'மிர்த்' அளவு மீறவே மீறாது, அது எப்பவும் நல்லதுதான்னு இருக்கு. குரூப்ல இன்னொருத்தர் வச்சிருக்கற புது மொழிபெயர்ப்புல அதே எடத்துல 'சியர்ஃபுல்னெஸ்'. மிர்த்னா நாலு பேர் உக்காந்து கெக்கேபிக்கேன்னு சிரிக்கறது, அது கண்டிப்பா அளவு மீறும், எங்க வீட்டு கல்யாணங்கள்ல மீறி சண்டையில முடிஞ்சிருக்கு. சியர்ஃபுல்னெஸ்னா வேற மாதிரி, ஒரு ஆளோட சுபாவம். லத்தீன்ல ஹிலரிதாஸ்னு இருக்காம். அந்த வார்த்தைய ரோமாக்காரங்க எதுக்கு யூஸ் பண்ணாங்க, ஸ்பினோசா எதுக்கு எடுத்தாரு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூகுள் பண்ணா எல்லா லத்தீன் வார்த்தைக்கும் 'மகிழ்ச்சி'ன்னு ஒரே பதில்தான் வருது.

மொக்கைமன்னன்
ஹிலரி தாஸ்னு பாத்ததும் யாரோ கல்கத்தா ஃபுட்பால் ப்ளேயர்னு நெனச்சு உள்ள வந்தேன்.

பழைய செமினரியன்
மன்னா நீ திருந்தவே மாட்ட. 

பூனை மேடம், நான் குருமடத்துல கொஞ்ச வருஷம் லத்தீன் படிச்சவன், அப்புறம் வெளிய வந்து இப்ப இன்சூரன்ஸ் விக்கறேன், அதனால இலக்கணம் துருப்பிடிச்சிருக்கும். ஆனா இந்த வார்த்தை மறக்காது, ஏன்னா பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் கடிதம் ஒம்பதாம் அதிகாரம் ஏழாம் வசனத்துல இது வருது. லத்தீன்ல 'ஹிலரெம் தாத்தோரெம்', அதாவது ஹிலரிஸா குடுக்கறவன், அவனத்தான் கடவுளுக்குப் புடிக்கும். மூல கிரேக்கத்துல 'ஹிலரோஸ்'. லத்தீன்காரன் அந்த கிரேக்க வார்த்தைய பல நூறு வருஷம் முன்னாடியே கடன் வாங்கி தன் சொத்தாக்கிட்டான், அதுல இருந்துதான் ஹிலரிதாஸ்.

இப்ப தமிழ்ல பாருங்க. பழைய பைபிள்ல 'உற்சாகமாய்க் கொடுக்கிறவன்'னு இருக்கும், நீங்க காணிக்கைப் பெட்டி மேல கூட படிச்சிருப்பீங்க. கத்தோலிக்கர்-புராட்டஸ்டண்ட் சேந்து போட்ட பொது மொழிபெயர்ப்புல 'முகமலர்ச்சியோடு கொடுப்பவர்'. எனக்கு ரெண்டாவதுதான் ஒசத்தி. ஹிலரோஸ்ங்கறது உள்ள கொதிக்கற உற்சாகம் இல்ல, மூஞ்சியில தெரியறது. அதுக்கு ஒட்டு உறவான இன்னொரு கிரேக்க வார்த்தை 'ஹிலெயோஸ்', அது சாமிக்கு சொல்றது, சாமி கோவம் தணிஞ்சு கருணையா பாக்குதுன்னு. சாமி மூஞ்சி மலர்ந்தா பக்தன் பொழைச்சான். அந்த குடும்பத்துல பொறந்த வார்த்தைய கொண்டுபோய் கெக்கேபிக்கேன்னு போட்டா எப்படி.

அரைவேக்காடு
ஆனா இங்கிலீஷ்ல ஹிலேரியஸ்னா வயிறு வலிக்க சிரிக்கறதுதானே சார்? அதே வேர்தானே?

பழைய செமினரியன்
அதே வேர்தான். இங்கிலீஷ்ல அது பின்னாடி நடந்த கூத்து. முகமலர்ச்சி, அப்புறம் கலகலப்பு, அப்புறம் கும்மாளம், கடைசியில மீம் பாத்தா வர்ற சிரிப்பு. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பல்லு அதிகமா காட்டிடுச்சு. புனித ஹிலரின்னு நாலாம் நூற்றாண்டுல போய்த்தியே ஊர் ஆயர் ஒருத்தர், அவர் திருநாள் ஜனவரி 13, ஆக்ஸ்ஃபோர்டுல ஜனவரியில ஆரம்பிக்கற பருவத்துக்கு இன்னிக்கும் ஹிலரி டெர்ம்னுதான் பேரு. அவர் காமெடியன் இல்ல, இயேசு கடவுளுக்கு சமம் இல்லன்னு சொன்ன ஆரியுஸோட கொள்கைக்கு எதிரா கடுமையா சண்ட போட்டு நாடு கடத்தப்பட்டவர்.

மிலான்மாமி
இத்தாலில இருக்கேன், ஒரு சின்ன விஷயம். இங்க பார்லிமென்ட் பேச்ச சுருக்கெழுத்துல எடுத்து போடுவாங்க இல்லியா, யாராவது பேசும்போது சபை சிரிச்சுதுன்னா பிராக்கெட்ல 'இலாரிதா'ன்னு போடுவாங்க. நம்ம ஹிலரிதாஸேதான், ஹ போயி ஸ் போயி. அதுவும் எல்லா சிரிப்புக்கும் இல்ல, சபை மொத்தமா லேசாயிடற அந்த நிமிஷத்துக்கு. பல் டாக்டர்கிட்ட குடுக்கற சிரிப்பு வாயுவுக்கும் இங்க இதே வேர்ல இருந்துதான் பேரு. ஸோ இத்தாலியன்லயும் சிரிப்பு பக்கமாத்தான் சாஞ்சிருக்கு, இங்கிலீஷ திட்டி பிரயோஜனம் இல்ல.

தெற்குத்தெரு
ஜெர்மன்லயும் சபைக் குறிப்புல 'ஹைட்டர்கைட்'னு போடுவாங்க, ஸ்பினோசாவோட ஹிலரிதாஸுக்கும் ஜெர்மன்ல அதே வார்த்தைதான். ஆனா ஜெர்மன்ல அந்த வார்த்தை மேகம் இல்லாத வானத்துக்கும் சொல்றது. அங்க இது பொருந்துது.

நாணயப்பித்தன்
வணக்கம் நண்பர்களே, லேட்டா வர்றேன். புஸ்தகத்துல தேடறத விட்டுட்டு காசுல பாருங்க. ஹிலரிதாஸ் ரோமாவுல ஒரு பொம்பள உருவம். கோயில் கட்டி கும்பிட்ட பெரிய தெய்வம்னு நெனச்சுக்காதீங்க, நம்பிக்கை, அமைதி, செழிப்பு மாதிரி குணங்கள பெண் உருவமாக்கி காசு பின்பக்கம் அச்சடிப்பாங்க, அந்த வரிசையில இவளும் ஒருத்தி. ஹேட்ரியன் காலத்துல, அதாவது கிபி 117ல இருந்து 138 வரைக்கும் ஆண்டவரு, அவர் காசுலதான் மொதல்ல வர்றா. ஒரு கையில ஆள் ஒசரத்துக்கு ஒரு பேரீச்ச ஓலை, தரையில ஊனி புடிச்சிருப்பா. இன்னொரு கையில பழம் வழியற கொம்பு. ரெண்டு பக்கமும் ரெண்டு சின்னப் பசங்க. சுத்தி எழுத்து: ஹிலரிதாஸ், பக்கத்துல பி ஆர், அதாவது ரோம மக்களோட ஹிலரிதாஸ்.

கவனிங்க, ராஜாவோட சந்தோஷம் இல்ல, மக்களோடது. தனி ஆள் மனசுக்குள்ள இருக்கற சமாச்சாரமே இல்ல இது, ஊரே களையா இருக்கு, பஞ்சம் இல்ல, குழந்தைங்க இருக்கு, அப்டின்னு அரசாங்கம் அடிக்கற விளம்பரம். பிறகு மார்க்கஸ் அவுரேலியஸ் பொண்டாட்டி ஃபௌஸ்தினா காசு, மக லூசில்லா காசு, மருமக கிரிஸ்பினா காசு, எல்லாத்துலயும் இவ வர்றா. ஃபௌஸ்தினாவுக்கு ஒரு டஜனுக்கு மேல பிள்ளைங்க, அரண்மனையில தொட்டில் ஆடுதுன்னா அடுத்த ராஜா யாருன்னு சண்ட வராது, ஊர் மூஞ்சி மலரும். கணக்கு அதான்.

மொக்கைமன்னன்
ஆக இது ரோமாவோட 'ஒளிரும் ரோம்' விளம்பரம்.

நாணயப்பித்தன்
நீ கிண்டல் பண்ற, ஆனா மேட்டர் அதான். இன்னும் கேளு. என்கிட்ட இருக்கற ஒரே ஹிலரிதாஸ் காசு டெட்ரிகஸோடது. ரோம சாம்ராஜ்யம் மூணா உடைஞ்சு கெடந்தப்ப பிரான்ஸ் பக்கம் தனியா ராஜ்ஜியம் நடத்தின கடைசி ஆளு, 271ல இருந்து 274 வரைக்கும். காசு பேருக்குதான் வெள்ளி, நெஜத்துல செம்பு, மேல வெள்ளி பூச்சு இருந்திருந்தா அது எப்பவோ தேஞ்சு போச்சு. என்னோடது ரெண்டரை கிராம் கூட இல்ல, பச்சை பூத்து, அச்சு கோணலா விழுந்து 'ஹிலரி' வரைக்கும்தான் எழுத்து இருக்கு, மிச்சம் காசுக்கு வெளிய போயிடுச்சு. அவசர அவசரமா அடிச்சிருக்கான். அந்தக் காசு இங்கிலாந்து பிரான்ஸ் வயல்கள்ல கொத்து கொத்தா கெடைக்குது, கள்ளத்தனமா அடிச்சது வேற ஏகத்துக்கு.

இதுல பெரிய தமாஷு, 'டெட்ரிகஸ்'ங்கற வார்த்தைக்கே லத்தீன்ல கடுகடுப்பானவன், சிடுமூஞ்சின்னு அர்த்தம். முன்பக்கம் ராஜா பேரு சிடுமூஞ்சி, பின்பக்கம் முகமலர்ச்சி. ராஜ்ஜியம் கலகலத்துப் போயி கெடக்கு, காசுல வெள்ளி இல்ல, சொந்தப் படையே கலகம் பண்ணுது, ஆனா காசு சிரிக்குது. 274ல ரோம் பேரரசர் ஆரேலியன்கிட்ட சரணடைஞ்சு ரோம் தெருவுல ஊர்வலத்துல நடந்தாரு, அப்புறம் அவருக்கே தென் இத்தாலியில லுக்கானியாவ நிர்வாகம் பண்ற உத்தியோகம் குடுத்தாங்க. அதுக்கப்புறம் மனுசன் மூஞ்சி மலர்ந்திருக்கும்.

அரைவேக்காடு
செம சார் 😂 ஏப்ரல் ஃபூல் கூட இதுல இருந்துதான் வந்துச்சுன்னு எங்கயோ ஒரு வீடியோல பாத்தேன். ஹிலரியான்னு ஒரு பண்டிகை?

பழைய செமினரியன்
ஹிலரியா பண்டிகை நெஜம், ஏப்ரல் ஃபூல் முடிச்சு மட்டும் யாரோ போட்டது, ஆதாரம் கெடையாது, மாசம் பக்கத்துல இருக்கறதால ஒட்டிட்டாங்க. ஹிலரியா மார்ச் 25. சிபெலி அம்மனுக்கு எடுக்கற விழா, கிமு 204ல ஆசியா மைனர்ல இருந்து ஒரு கருங்கல்ல கொண்டுவந்து ரோம்ல வச்சு கும்பிட ஆரம்பிச்சாங்க, அந்த அம்மன். மொத நாள் 24ந்தேதிக்கு பேரு ரத்த நாள், அம்மனோட காதலன் அத்திஸ் செத்ததுக்கு துக்கம், பூசாரிங்க கைய கால கீறிக்குவாங்க. மறுநாள்தான் ஹிலரியா, பகல் ராத்திரிய விட நீளமாகற நேரம், வேஷம் கட்டிக்கிட்டு தெருவுல எறங்குவாங்க. யாரு வேணா யாரு மாதிரி வேணா வேஷம் போடலாம், அதிகாரி மாதிரி கூட. கொமோதுஸ்ங்கற ராஜா காலத்துல மாத்தெர்னுஸ்னு ஒருத்தன், படைய விட்டு ஓடி கொள்ளைக்கூட்டத் தலைவனானவன், இந்த அம்மன் விழா கூட்டத்துல ராஜாவோட காவல்படை மாதிரி வேஷம் போட்டு ராஜாவ போட்டுத்தள்ள பிளான் பண்ணான்னு வரலாற்றாசிரியர் ஹெரோதியன் எழுதறாரு. சொந்த ஆளுங்களே காட்டிக்குடுத்துட்டாங்க.

அங்கயும் பாருங்க, ஹிலரியான்னா ஊர் கூடி வெளிய காட்டற சந்தோஷம்.

வெயில்காயும்பூனை
இதெல்லாம் அருமை, ஆனா எனக்கு கொழப்பம் ஜாஸ்தியாயிடுச்சு. வெளிய தெரியற மூஞ்சின்னா அது நடிப்பாவும் இருக்கலாமே, டெட்ரிகஸ் காசு மாதிரி. ஸ்பினோசா அத எப்படி எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியும்?

ராத்திரிஷிப்ட்
மேடம் நீங்க கேட்ட கேள்வியத்தான் ரோமத் தத்துவஞானி செனிக்கா கேட்டாரு. நண்பர் லூசிலியுஸுக்கு எழுதின 23வது கடிதம், நான் ட்யூட்டி நடுவுல ஃபோன்ல படிச்சு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். நெஜமான ஆனந்தம் கடுமையான சமாச்சாரம்ங்கறாரு, அதுக்கு 'கௌதியும்'னு வேற வார்த்தை. மத்த 'ஹிலரிதாஸ்'கள் எல்லாம், ஆமா பன்மையில போடறாரு, நெஞ்ச நெரப்பாது, நெத்திச் சுருக்கத்த மட்டும் தளர்த்தும், லேசுப்பட்டது, சிரிக்கறவன் எல்லாம் ஆனந்தமா இருக்கான்னு நீ நெனச்சா தவிரன்னு ஒரு குத்து வேற. நெத்தி! மறுபடி மூஞ்சிதான். செமினரியன் சொன்னதுக்கு இவரும் சாட்சி, ஆனா எதிர்க்கட்சி சாட்சி.

எனக்கு செனிக்கா சொல்றது கரெக்டுன்னுதான் படுது. ஆஸ்பத்திரில ரிசப்ஷன்ல நிக்கறவங்களுக்கு முகமலர்ச்சி யூனிஃபார்ம் மாதிரி, காலைல மாட்டி சாயங்காலம் கழட்டறது. அவங்க மேல தப்பு இல்ல, கேக்கறாங்க, குடுக்கறாங்க. அந்த சிரிப்புக்கு பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

தெற்குத்தெரு
செனிக்கா ஸ்டோயிக், உணர்ச்சிக்கு அடிமையாகாம இருக்கணும்ங்கற கட்சி, அவரு அப்டித்தான் பேசுவாரு. ஆனா சிசரோ, ரோமாவோட பெரிய பேச்சாளர், அவரு கதை இன்னும் கொடுமை, நான் நாளெல்லாம் இத யோசிச்சிட்டு இருந்தேன், சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும்.

கிமு 45. சிசரோவோட மக துல்லியா புள்ள பெத்து கொஞ்ச நாள்ல செத்துடறா, பிப்ரவரியில. ஆளு ஒடஞ்சு போயிட்டாரு. அவளோட புருஷன் தொலபெல்லா, அதுக்கு முந்தின வருஷமே விவாகரத்து ஆயாச்சு, அவன் அப்ப சீசரோட ஸ்பெயின்ல. பழைய மருமகன், செத்த பொண்ணோட மாஜி புருஷன், அவனுக்கு இவரு கடிதம் எழுதறாரு. என் கடிதம் வரலைன்னு நீ தேடறது என் சாவால இருந்திருந்தா கூட தேவலை, என் மேல விழுந்த இந்த அடியால ஆயிடுச்சேங்கற மாதிரி ஆரம்பிக்குது. அப்புறம் ஒரு வரி: உனக்கு ரொம்ப புடிச்சிருந்த என்னோட அந்த ஹிலரிதாஸும் இனிமையும் மொத்தமா என்கிட்ட இருந்து புடுங்கப்பட்டுடுச்சு. ஆனா உறுதியும் நிலைகுலையாமையும், அது எப்பவாச்சும் என்கிட்ட இருந்துச்சுன்னா, நீ விட்டுட்டு போன மாதிரியே இருக்கும், வந்து பாரு.

லத்தீன்ல அந்த ரெண்டு வார்த்தை: ஃபிர்மிதாஸ், கொன்ஸ்தான்சியா.

சரி. அதே வருஷம், அதே துக்கத்துல, மனுசன் பேய் மாதிரி எழுதித் தள்றாரு, தத்துவ நூல் மேல தத்துவ நூல். அதுல ஒண்ணு நன்மை தீமைகளோட எல்லைகள பத்தினது. அதோட ரெண்டாம் புத்தகத்துல, சுகம்தான் உச்ச நன்மைங்கற எபிகூரியர்கள போட்டு பொளக்கறாரு. ஒரு பக்கம் தோரியுஸ்னு ஒருத்தன், சுகவாசி, ரோஜாப்பூ மேல சாஞ்சு குடிக்கறவன். இன்னொரு பக்கம் ரெகுலுஸ், எதிரிகிட்ட குடுத்த வாக்குக்காக தானா கார்த்தேஜுக்கு திரும்பிப் போயி சித்திரவதையில செத்ததா ரோமாக்காரங்க கொண்டாடற ஆளு. யாரு பாக்கியசாலி? ரெகுலுஸ்தான்னு சொல்லிட்டு காரணம் சொல்றாரு: ஹிலரிதாஸாலயோ கும்மாளத்தாலயோ சிரிப்பாலயோ கேலியாலயோ மனுசன் பாக்கியசாலி ஆகறது இல்ல, துக்கமா இருக்கறவன் கூட உறுதியாலயும் நிலைகுலையாமையாலயும் பாக்கியசாலியா இருக்கான்.

அதே ஜோடி! ஃபிர்மிதாஸ், கொன்ஸ்தான்சியா! ஒரு பக்கம் ஹிலரிதாஸ், எதிர்ப்பக்கம் இந்த ரெண்டு. கடிதத்துல தன் பொழப்ப பத்தி சொன்ன அதே தராச அப்டியே தத்துவத்துல தூக்கி வச்சிருக்காரு. புஸ்தகத்துல படிச்சா ஏதோ அறநெறிப் பேச்சு மாதிரி இருக்கு, கடிதத்தோட சேத்து படிச்சா, தன் மூஞ்சியில இருந்து போனது திரும்பி வராதுன்னு தெரிஞ்ச ஆளு, அது இல்லாமலும் வாழ முடியும்னு தனக்கே நிரூபிச்சுக்கறாரு. அதுக்காக ஹிலரிதாஸ லேசுப்பட்டதுன்னு ஆக்கிட்டாரு, பாவம். கடிதத்துல அது லேசுப்பட்டதா இல்ல, இழப்பா இருக்கு.

ராத்திரிஷிப்ட்
இது எனக்கு தெரியாது. அந்த ரெண்டு எடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இன்னிக்கு நைட் படிக்கறேன். நன்றி தெற்கு.

மொக்கைமன்னன்
இவ்ளோ நேரம் ஆயும் யாரும் குறள் சொல்லலையே, ஃபோரம் ஆரோக்கியமா இருக்கா?

பழைய செமினரியன்
92வது குறள டைப் பண்ணி அழிச்சேன். திருப்தியா?

வெயில்காயும்பூனை
தெற்குத்தெரு, கை குடுங்க. ஆனா ஸ்பினோசா இன்னும் வரல. செனிக்கா, சிசரோ ரெண்டு பேரும் ஹிலரிதாஸ கீழ வைக்கறாங்க. அவங்கள எல்லாம் படிச்ச ஸ்பினோசா ஏன் அத தூக்கி உச்சியில வைக்கறாரு?

கண்ணாடிதேய்ப்பவன்
இந்த பேர வச்சிக்கிட்டு நான் வராம இருந்தா தப்பு. ஸ்பினோசா லென்ஸ் தேய்ச்சு பொழச்ச ஆளு, 1632ல ஆம்ஸ்டர்டாம்ல பொறந்து, 1656ல யூத சமூகம் ஒதுக்கி வச்சு, 1677ல ஹேக்ல செத்தாரு, எதிக்ஸ் அவரு செத்த வருஷம்தான் வெளிய வந்துச்சு.

மூணாம் பாகம் 11வது கூற்றுக்கு கீழ இருக்கற குறிப்புக்கு போங்க, பூனை. நாலாம் பாகத்துலயே நின்னா புரியாது. அங்க என்ன பண்றாருன்னா, மொதல்ல 'லேதிசியா'ங்கற வார்த்தைய எடுத்து, மனசு இருக்கற நெலைமைய விட ஒரு படி நெறைவுக்கு நகர்ற அந்த நகர்வுக்கு பேரா வைக்கறாரு. அப்புறம் இது மனசு ஒடம்பு ரெண்டுக்கும் சேத்து நடக்கும்போது ரெண்டு வகையா பிரிக்கறாரு. ஒடம்புல ஒரு பாகம் மட்டும் மத்ததவிட தூக்கலா தூண்டப்பட்டா அது தித்தில்லாசியோ, கிளுகிளுப்புன்னு வச்சுக்கலாம். எல்லா பாகமும் சமமா தூண்டப்பட்டா ஹிலரிதாஸ். எதிர்ப்பக்கமும் இதே மாதிரி, ஒரு பாகத்துல வந்தா வலி, மொத்தமா எறங்கினா மெலன்கோலியா, மனச்சோர்வு.

அவ்ளோதான் ரகசியம். அவருக்கு இது மூஞ்சி பத்தின வார்த்தையே இல்ல இப்ப, பரவல் பத்தின வார்த்தை. நாக்குக்கு மட்டும் சுகம்னா அது நாக்குல ஒட்டிக்கிட்டு மத்த பாகத்த மறக்கடிக்கும், அதனால அது அளவு மீறும், 43வது கூற்று அத நேராவே சொல்லுது. எல்லா பாகத்துக்கும் ஒரே அளவுல ஏறுதுன்னா எதையும் எதுவும் அமுக்கல, அப்ப மீறறதுக்கு எடமே இல்ல. அதனாலதான் எப்பவும் நல்லது. உங்க கல்யாண வீட்டு கெக்கேபிக்கே இவரோட கணக்குல தித்தில்லாசியோ, ஹிலரிதாஸ் இல்ல. மிர்த்னு போட்ட பழைய மொழிபெயர்ப்பு ஆள தப்பான வீட்டு வாசல்ல எறக்கி விட்டுடுச்சு.

அரைவேக்காடு
சார் அப்ப எல்லா பாகமும் சமமா சந்தோஷமா இருக்கறது நெஜத்துல நடக்குமா? எனக்கு ஞாயித்துக்கிழமை மதியம் பிரியாணி சாப்ட்டு படுத்தா அப்டி இருக்கும்னு நெனக்கறேன்.

கண்ணாடிதேய்ப்பவன்
அதையும் அவரே ஒத்துக்கறாரு, 44வது கூற்றோட குறிப்புல. ஹிலரிதாஸ் மனசுல நெனச்சு பாக்கறது சுலபம், கண்ணால பாக்கறது கஷ்டம்ங்கறாரு. ஏன்னா நம்மள தெனம் ஆட்டி வைக்கற உணர்ச்சி எல்லாம் ஒரு பாகத்தோட, ஒரு பொருளோட ஒட்டினது. காசு காசுன்னு அலையறவன், புகழுக்கு அலையறவன், காமத்துல விழுந்தவன், இவங்கள நாம பைத்தியம்னு சொல்றது இல்ல, எரிச்சலான ஆளுன்னு சொல்லிட்டு போயிடறோம், ஆனா இதெல்லாம் பைத்தியத்துல ஒரு வகைதான்ங்கறாரு. மூணாம் பாகம் கடைசியில உணர்ச்சிகளுக்கு ஒண்ணொண்ணா இலக்கணம் சொல்லும்போது ஹிலரிதாஸ விட்டுடறாரு, இது பெரும்பாலும் ஒடம்பு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லி. ஆக இது மூட் இல்ல, குணம் இல்ல, ஒடம்போட ஒரு நெலைமை.

எனக்கு புடிச்ச எடம் அதுக்கு அடுத்தது, 45வது கூற்று குறிப்பு. பசிய தாகத்த தீக்கறது நியாயம்னா மனச்சோர்வ வெரட்டறது மட்டும் ஏன் நியாயம் இல்லன்னு கேக்கறாரு. அறிவாளி அளவான நல்ல சாப்பாடு, குடி, வாசனை, பச்சை செடிகளோட அழகு, அலங்காரம், சங்கீதம், வெளையாட்டு, நாடகம் எல்லாம் அனுபவிக்கட்டும், ஏன்னா ஒடம்பு பல தினுசு பாகத்தால ஆனது, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற, புதுசு புதுசா தீனி வேணும். சந்தோஷத்த தடுக்கறது கடுகடுப்பான சோகமான மூடநம்பிக்கை தவிர வேற எதுவும் இல்லன்னு அடிச்சு சொல்றாரு. ஒதுக்கி வச்ச ஆளு, வாடகை ரூம்ல கண்ணாடித் தூசிய சுவாசிச்சிட்டு, நாப்பத்தி நாலு வயசுல நுரையீரல் போயி செத்த ஆளு எழுதினது இது.

பிரியாணி மட்டும்னா தித்தில்லாசியோ தம்பி. பிரியாணி, பாட்டு, செடிக்கு தண்ணி, நண்பனோட அரட்டை எல்லாம் சேந்தா யோசிக்கலாம்.

ராத்திரிஷிப்ட்
ஒரு நிமிஷம், இதுல எனக்கு ஒப்புதல் இல்ல. வார்த்தைய எடுத்து தனக்கு வேணும்ங்கற அர்த்தத்த நெரப்பிட்டு 'இது எப்பவும் நல்லது'ன்னு சொன்னா அது வாதமா? இலக்கணத்துலயே முடிவ ஒளிச்சு வச்சிருக்காரு.

கண்ணாடிதேய்ப்பவன்
அவரு ஜியோமெட்ரி மாதிரி எழுதறாரு, முக்கோணத்துக்கு இலக்கணம் சொன்னப்பறம் மூணு கோணம் கூட்டினா ரெண்டு செங்கோணம்னு வர்ற மாதிரி. அத ஒளிச்சு வச்சதுன்னு சொன்னா யூக்ளிட்டும் ஒளிச்சு வச்சவர்தான். ஆனா வேற வார்த்தை எடுத்திருக்கலாமேன்னு கேட்டா, அதுக்கு பதில் இருக்குன்னு தோணுது. லத்தீன்ல இருந்த சந்தோஷ வார்த்தைகள்லயே மூஞ்சியில, கண்ணுல, நடையில, மொத்த ஆள்லயும் தெரியறது இதுதான். கௌதியும் உள்ளுக்குள்ள. ஹிலரிதாஸ் ஆள் மேல பூரா பூசின மாதிரி. பிளினிங்கற ரோம எழுத்தாளர் மரத்துக்கு கூட இந்த வார்த்தைய போடறாரு, செழிப்பா நிக்கற மரம். மரத்துக்கு ஏது சிரிப்பு? மொத்தமும் நல்லா இருக்குன்னு பாத்தாலே தெரியுது, அவ்ளோதான். அந்த 'மொத்தமும்'தான் ஸ்பினோசாவுக்கு வேணும். இது என் ஊகம், அவரு இப்டி எங்கயும் சொல்லல.

ராத்திரிஷிப்ட்
மரம் மேட்டர் நல்லாருக்கு. அதுக்காக மட்டும் பாதி ஒத்துக்கறேன்.

பழைய செமினரியன்
மூஞ்சி இல்ல பரவல், பரவல் இல்ல மூஞ்சின்னு போயிட்டு இருக்கீங்க, இன்னொரு ஆள விட்டுட்டீங்க. போன்ஹோஃபர். ஹிட்லர எதிர்த்த லூத்தரன் போதகர், 1943 ஏப்ரல்ல புடிச்சு பெர்லின்ல தேகல் ஜெயில்ல போட்டாங்க, 1945 ஏப்ரல் 9 ஃப்ளோசென்பூர்க் முகாம்ல தூக்கு. 1944 மார்ச்ல ஜெயில்ல இருந்து நண்பனுக்கு எழுதின கடிதத்துல இதே லத்தீன் வார்த்தைய எடுக்கறாரு. ராஃபேல், மொசார்ட், லூதர், இறையியலாளர் கார்ல் பார்த், இவங்ககிட்ட எல்லாம் ஒரு ஹிலரிதாஸ் இருக்குங்கறாரு. மைக்கலாஞ்சலோ, ரெம்ப்ராண்ட் வேற வகைன்னு தனியா வைக்கறாரு. அப்புறம் அதுக்கு வெளக்கம்: தன் வேலை மேல நம்பிக்கை, துணிச்சல், உலகம் என்ன சொல்லுதுன்னு சட்டை பண்ணாம இருக்கறது, உலகத்துக்கு புடிக்காட்டியும் தான் குடுக்கறது நல்லதுதான்ங்கற உறுதி.

பாத்தீங்களா, சிசரோ எதிரெதிரா வச்ச ரெண்டும் இங்க ஒண்ணாயிடுச்சு. உறுதி ஒரு பக்கம் முகமலர்ச்சி ஒரு பக்கம்னு அவரு தராசு புடிச்சாரு. இவருக்கு முகமலர்ச்சியே உறுதியோட ஒரு வடிவம். ரெண்டு பேரும் மோசமான நேரத்துல எழுதினது, அத மறந்துடாதீங்க.

தெற்குத்தெரு
இத படிச்சிட்டு எனக்கு சிசரோ மேல இன்னும் இரக்கம் வருது. அவருக்கு அந்த வாசல் தெரியல.

ராத்திரிஷிப்ட்
புள்ளைய பறிகொடுத்தவனுக்கும் கொள்கைக்காக ஜெயிலுக்கு போனவனுக்கும் வித்தியாசம் இருக்கு தெற்கு. சிசரோ தோத்துட்டார்ங்கற மாதிரி சொல்லாதீங்க.

தெற்குத்தெரு
அதுவும் சரிதான்.

மிலான்மாமி
ஹிலாருஸ், ஹிலாரான்னு ரோம்ல அடிமைகளுக்கு சர்வசாதாரணமா பேர் வைப்பாங்க, இங்க மியூசியம் கல்வெட்டுகள்ல நெறைய பாக்கலாம். வாங்கின மொதலாளி வச்ச பேரு, நீ எப்பவும் சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்னு ஆர்டர் போட்ட மாதிரி. ராத்திரிஷிப்ட் ரிசப்ஷன் பத்தி சொன்னதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

ராத்திரிஷிப்ட்
ஐயோ மாமி. இதுதான் இந்த இழையிலயே எனக்கு நெருக்கமான தகவல்.

வெயில்காயும்பூனை
குரூப்ல எல்லாத்தையும் போட்டேன். ஸ்பினோசாவுக்கு 'முகமலர்ச்சி' ஒத்துவராது, அது பவுலுக்கு கச்சிதம். ஸ்பினோசா வர்ற எடத்துல ஹிலரிதாஸ்னே வச்சுட்டு மூணாம் பாகக் குறிப்ப அடியில போடறதா பேச்சு, ஒருத்தர் மட்டும் 'களிப்பு'ன்னு அடம் புடிக்கறாரு, எனக்கு அதுல குடி வாடை அடிக்குது. நாணயப்பித்தன் சார், ஒரு சந்தேகம். ஹேட்ரியன் காசுல அந்த ரெண்டு பசங்க யாரு? அவருக்கு புள்ளைங்க இல்லன்னு படிச்சேனே?

நாணயப்பித்தன்
இல்லதான், ஹேட்ரியனுக்கும் சபீனாவுக்கும் வாரிசு இல்ல, பிற்பாடு தத்து எடுத்தாரு. காசுல இருக்கறது ஒரு பையன், ஒரு பொண்ணு, யாரோட புள்ளைங்களும் இல்ல, ரோம மக்களோட புள்ளைங்க, அதான் பி ஆர். தன் வீட்டுல இல்லாதத ஊர் கணக்குல அச்சடிச்சிருக்காருன்னு நான் வெளையாட்டா சொல்லுவேன், அதுக்கு ஆதாரம் கேக்காதீங்க. பெரிய பித்தளை காசு அது, செஸ்டெர்ஷியஸ், நல்லா இருக்கறது வந்தா ஏலத்துல வெலை எங்கயோ போயிடும், என் பட்ஜெட்டுக்கு சிடுமூஞ்சிதான். அவரோட போட்டோ வேணும்னா நாளைக்கு மாடியில வெளிச்சத்துல வச்சு எடுத்து போடறேன், ஃப்ளாஷ் போட்டா அந்த பேரீச்ச ஓலை தெரியாது.